பாய்லர் அறை மூக்கைக் கொன்றது யார்?

அத்தியாயம் ஒன்பது

"அத்தான், இந்தக் கட்டடத்துல இருக்கற எல்லா டப்பாவையும் விசாரிச்சாச்சு. இனி பாக்கி என் தலையில தடவியிருக்கற எண்ணெய் ஒண்ணுதான். அதையும் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கிடலாமா?" என்றாள் டாக்ஸி.

சர்வேயர் சிரிக்கவில்லை. சலவை நிலையத்தின் பின்கட்டில் கவிழ்த்துப் போட்டிருந்த துணிக்கூடை மேல் உட்கார்ந்து, கையில் இருந்த ஸ்பிரே டப்பாவை முறைத்துக்கொண்டிருந்தார். டப்பாவும் அவரைத் திருப்பி முறைப்பது போலத்தான் இருந்தது.

வருஷக்கணக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ பிடித்த கிடங்குகளையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்து அறிக்கை எழுதியவர் என்பதால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். வேலையை விட்டபிறகு துப்பறிய ஆரம்பித்தார். டாக்ஸி அவருடைய மச்சினி. கால் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவள், வண்டியை விற்றுவிட்டு ஒரு பழைய ஸ்கூட்டரோடு இவருக்கு உதவியாக வந்து சேர்ந்தாள். உதவியில் பாதி ஸ்கூட்டர் ஓட்டுவது. மீதிப் பாதி வாய்.

"பேசாம இரு. யோசிக்கிறேன்."

"யோசிங்க. ஆனா காலையில இருந்து ஒரே இடத்துலதான் யோசிக்கிறீங்க. கூடை பள்ளமாயிடுச்சு."

விஷயம் இதுதான். போன வாரம் இந்தச் சலவை நிலையத்தின் பாய்லர் அறையில் பாய்லர்காரர் நாற்காலியிலேயே சரிந்து கிடந்தார். கார்பன் மோனாக்ஸைடு. நிறம் இல்லாத, வாசனை இல்லாத வாயு. எரிவாயு சரியாக எரியாவிட்டால் வருவது. மின்சாரத்தை மொத்தமாக நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போய் அவரைத் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் விபத்தையொட்டிய நாட்கள் அவர் நினைவில் இல்லை.

அந்த அறைச் சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்ஸார் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண் சோதனைக்காக மாட்டி வைத்தது. எல்லோருக்கும் அவர் 'டாக்டரம்மா'. இந்த வாயு துளி கலந்தாலே அது மோப்பம் பிடித்து மணியடிக்க வேண்டும். அடிக்கவில்லை. டாக்டரம்மா மறுநாள் வந்து கழற்றிக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அதன் மேல் சிலிக்கோன் படிந்திருந்தது. அந்த வகை சென்ஸாருக்குச் சிலிக்கோன்தான் விஷம்.

யாரோ மூக்கைக் கொன்றிருக்கிறார்கள். யார்?

முதலாளிக்கு அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை. "சென்ஸார் ஓட்டை. பாய்லர்காரன் ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்கிட்டான். அவ்வளவுதான்," என்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். கவனக்குறைவு என்று பாய்லர்காரர் மேலேயே வழக்கு. அதைப் பொறுக்காமல்தான் அவருடைய மனைவி சர்வேயரைத் தேடி வந்தாள்.

இப்போதும் அவள்தான் வந்துகொண்டிருந்தாள். தையல்காரி. கழுத்தில் போட்ட அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"சார், இன்னைக்கு மத்தியானம் பாய்லரைத் திரும்பப் பத்த வைக்கப் போறாங்களாம்."

"யார் சொன்னது?"

"என் தம்பிதான். பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டாராம். கேஸ் லைன்ல கசிவு இல்லை, பிரஷர் சரியா இருக்கு, ஜன்னலைத் திறந்து வெச்சா போதும்னு எழுதிக் குடுத்துட்டாராம். அப்படீன்னா என்ன அர்த்தம்? எல்லாம் அவர் தப்புதான்னு முடிச்சுட்டாங்க."

அவளுடைய தம்பி இதே நிலையத்தில் இஸ்திரிப் பிரிவு மேஸ்திரி. அக்கா புருஷனைத் தோளில் போட்டு வெளியே தூக்கி வந்தவனே அவன்தான். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோவது, டாக்டரிடம் பேசுவது எல்லாம் அவன்.

"தம்பி மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ," என்றாள் தையல்காரி. "நீங்க ஏதாவது கண்டுபிடிச்சீங்களா சார்?"

சர்வேயர் டப்பாவைக் கீழே வைத்தார்.

"இஸ்திரி ரோலருக்கு அடிக்கிற சிலிக்கோன் ஸ்பிரே இது. சென்ஸார் மாட்டின அன்னைக்கு டாக்டரம்மா சொன்னாங்கன்னு இதை உபயோகிக்கறதையே நிறுத்திட்டாங்க. மிச்ச டப்பா எல்லாம் ஸ்டோர்ல கிடக்கு. ஸ்டோருக்குப் பூட்டு கிடையாது. யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்."

"அப்போ எடுத்தது யாருன்னு…"

"அங்கதான் முட்டுது. ஒரு தரம் அடிச்சா சாகாதாம். நாள் கணக்கா ஆவி பட்டுக்கிட்டே இருக்கணுமாம். ஆனா அந்த அறையில நாள் முழுக்க உட்கார்ந்திருக்கறது…" சர்வேயர் வார்த்தையை விழுங்கினார்.

தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. "என் வீட்டுக்காரர்தான்னு சொல்ல வர்றீங்க."

"நான் சொல்லலை."

"சொல்லாம விட்டதுதான் பாதி சொன்ன மாதிரி இருக்கே." அவள் அழவில்லை. அளவு நாடாவை உருவிக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்க சார். அவர் மேல மட்டும் போடாதீங்க." விறுவிறுவென்று போய் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், வண்டிகள் உள்ளே வரும் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காவலாளி எழுந்திருக்கச் சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்ஸி ஸ்கூட்டரை உதைத்தாள். அது வழக்கம் போல முதல் உதைக்குக் கிளம்பவில்லை.

"எங்க போறது?"

"டாக்டரம்மாகிட்ட. நான் எதையோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கேன்."

"எதையோன்னா தேவலையே. எனக்கு எல்லாத்தையுமேன்னு தோணுது."

-

ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டரம்மாவும் நல்ல மனநிலையில் இல்லை. மேஜை மேல் குடித்து முடிக்காத காபி மூன்று கோப்பைகளில் ஆறிக்கிடந்தது. கண்ணாடிக் குடுவைகளும், அடுப்பு போன்ற ஒரு சிறு உலையும், ஒரு மூலையில் வாயு சிலிண்டர்களும் இருந்த அந்த நீள அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

"என் புராஜெக்டை நிறுத்தச் சொல்லி மேலிடத்துல இருந்து போன் வந்துடுச்சு," என்றார். "ஒரு மனுஷனைக் காப்பாத்த முடியாத சென்ஸாரை வெச்சு என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. எனக்கே பதில் தெரியலை."

"டாக்டரம்மா, எனக்கு இன்னொரு தரம் முதல்ல இருந்து சொல்லுங்க. பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்ற மாதிரி."

"கடைசி பெஞ்சுப் பையனுக்கு," என்று திருத்தினாள் டாக்ஸி.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து ஒரு வட்டம் போட்டார். அதைச் சுற்றி இன்னொரு வட்டம்.

"இது ஒரு நானோ துகள். தூசியை விடப் பல மடங்கு சின்னது. உள்ளே டின் ஆக்ஸைடு. மேலே மெல்லிசா ஜிங்க் ஆக்ஸைடு. விதையும் தோலும் மாதிரின்னு வெச்சுக்குங்க. கோர்-ஷெல்னு சொல்லுவோம். காத்துல இருக்கற ஆக்ஸிஜன் அந்தத் தோல் மேல வந்து ஒட்டிக்கிட்டு, உள்ளே இருக்கற எலக்ட்ரானைப் பிடிச்சு வெச்சுக்கும். அதனால மின்சாரம் சுலபமாப் போக முடியாது. கார்பன் மோனாக்ஸைடு வந்தா அந்த ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடும். பிடிபட்ட எலக்ட்ரான் விடுதலை. மின்சாரம் சட்டுனு பாயும். மணி அடிக்கும்."

"தோல் எதுக்கு? விதை மட்டும் போதாதா?"

"விதை மட்டும் இருந்தா எல்லா வாயுவுக்கும் கத்தும். சோப்பு ஆவி, சென்ட் வாசனை, எதுக்கு வேணும்னாலும். சரியான தடிமன்ல தோல் போட்டா, எது முக்கியமோ அதுக்கு மட்டும் நல்லாக் கத்தும். அந்தத் தடிமனைக் கண்டுபிடிக்கத்தான் என் தலைமுடி பாதி நரைச்சுது."

"இதெல்லாம் சும்மா இருக்கறப்பவே நடக்குமா?"

"இல்லை. சென்ஸார் சூடா இருக்கணும். உள்ளே குட்டி ஹீட்டர் இருக்கு. எப்பவும் இஸ்திரிப் பெட்டியை விட அதிகச் சூட்டுல வெச்சிருக்கும். அந்தச் சூடுதான் சிலிக்கோனுக்கும் வசதி. அதோட ஆவி சூடான துகள் மேல பட்டதும் வெந்து கண்ணாடி மாதிரி இறுகிடும். தோலுக்கு மேல இன்னொரு தோல். அப்புறம் எந்த வாயுவும் உள்ளே தொட முடியாது."

அவர் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். வறண்ட ஏரி போல வெடித்துக் கிடந்த வெள்ளைப் பரப்பு. "இது நான் வேணும்னே சிலிக்கோன் ஆவி காட்டி, வாரக்கணக்கா விட்டுக் கொன்ன சென்ஸார். ஒப்பிட்டுப் பார்க்க."

"பாய்லர் அறையில இருந்தது?"

அடுத்த படம். இதில் வெடிப்பு எதுவும் இல்லை. துகள்களின் இடுக்குகளில் ஏதோ வழவழவென்று தேங்கியிருந்தது.

"ரெண்டும் சிலிக்கோன்தான்," என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒரே மாதிரி இல்லை. ஏன்னு தெரியலை. மூணு நாளா இதையே பார்த்துக்கிட்டிருக்கேன். கண்ணு வலிக்குது."

சர்வேயரும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

டாக்ஸி மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. "அத்தான், நம்ம ஸ்கூட்டர் சைலன்சர்ல ஒரு கறை இருக்கே, ஞாபகம் இருக்கா?"

"இப்ப ஸ்கூட்டர் புராணம் ரொம்ப முக்கியமா?"

"கேளுங்க. ஓடிக்கிட்டிருக்கறப்ப பிளாஸ்டிக் பை ஒண்ணு பறந்து வந்து ஒட்டிக்கிச்சு. உளி வெச்சுச் செதுக்கியும் போகலை. அதே மாதிரி இன்னொரு பை போன மாசம் ஆறின சைலன்சர் மேல கிடந்தது. கையால எடுத்துப் போட்டேன். இந்த ரெண்டாவது படத்தைப் பார்த்தா ஆறின சைலன்சர் மாதிரி இருக்கு."

டாக்டரம்மா இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்தார்.

சர்வேயர் மெதுவாகத் திரும்பினார். "டாக்டரம்மா, சென்ஸார் சூடே இல்லாம இருந்தப்ப அது மேல ஸ்பிரே அடிச்சா?"

"வெறும் எண்ணெயா நிக்கும். இறுகாது…" டாக்டரம்மா எழுந்தே விட்டார். "ஆனா அது எப்பவும் சூடாத்தானே இருக்கும்? கரண்ட் இருக்கற வரைக்கும்…"

"கரண்டை நிறுத்திட்டுத்தான் அவரைத் தூக்க உள்ளே போனாங்க. நீங்க மறுநாள் வந்து கழட்டற வரைக்கும் திரும்பப் போடலை. கழட்டின பிறகு இங்க கரண்ட் குடுத்தீங்களா?"

"சாட்சியம் கெட்டுப்போகும், தொடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"என் ஆயுசுல நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை. இப்ப அதைக் கழுவ முடியுமா?"

டாக்டரம்மா கையுறை மாட்டினார். அந்தச் சென்ஸாரில் பக்கத்து பக்கத்தில் நான்கு புள்ளிகள் இருந்தன. சாட்சியத்துக்காக மூன்றை அப்படியே விட்டுவிட்டு ஒன்றை மட்டும் ஒரு திரவத்தால் துளித்துளியாகக் கழுவினார். உலர்த்தினார். கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து ஹீட்டரை மெல்ல ஏற்றினார். சிலிண்டரின் திருகை மிக லேசாகத் திறந்தார்.

திரையில் மின்தடையைக் காட்டும் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டே இருந்தது. சர்வேயர் பல்லைக் கடித்தார்.

கோடு சரிந்தது.

"உயிர் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "முழுசா இல்லை. எண்ணெய் கொஞ்சம் உள்ளே ஊறிடுச்சு, பாதி வேகம்தான். ஆனா இருக்கு. இறுகிப் போயிருந்தா எதை ஊத்திக் கழுவினாலும் வந்திருக்காது."

"அப்போ இதை யாரும் கொல்லவே இல்லையா?" என்றாள் டாக்ஸி.

"தூங்கிக்கிட்டிருந்ததுக்குச் சவத்துணி போர்த்திட்டுப் போயிருக்காங்க," என்றார் சர்வேயர். "விபத்து நடந்த பிறகு. செத்துப்போன சென்ஸார்னு எல்லாரும் நம்பணும்னு."

"எதுக்கு?"

"உயிரோட இருந்தது தெரிஞ்சா, அது மணியடிச்சதும் தெரிஞ்சுடும். மணி எங்க இருக்கு?"

பாய்லர் அறை இரைச்சலில் கேட்காது என்று மணியை இஸ்திரிக் கூடத்து மூலையில் இருக்கும் கண்ணாடி அறையில் வைத்திருந்தார் டாக்டரம்மா. காலையில் அங்கே முதலாளி உட்காருவார். மற்ற நேரத்தில் மேஸ்திரி. சிலிக்கோன் பட்டால் செத்துவிடும் என்று அவர் எச்சரித்தபோது கூட இருந்தவர்களும் அந்த இரண்டு பேரும் பாய்லர்காரரும்தான்.

"முதலாளி!" என்று கை தட்டினாள் டாக்ஸி. "மூஞ்சியைப் பார்த்த அன்னைக்கே சொன்னேன்."

"மேஸ்திரி சொந்த அக்கா புருஷனைச் சாக விட்டிருக்க மாட்டான். தோள்ல தூக்கிட்டு வந்தவன். முதலாளிதான் மணி ஒயரைப் பிடுங்கியிருக்கணும். வேலை நின்னுபோகும்னு. விபத்து ஆனதும் ஒயரைத் திரும்ப மாட்டிட்டு, ஸ்பிரேயை அடிச்சிருக்கார்." முதல் முறையாகச் சர்வேயர் முகத்தில் தெளிவு வந்தது.

டாக்டரம்மா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ஒரு விஷயம். மணி ஒரே ஒரு தரம் அடிச்சதுக்கா ஒருத்தர் ஒயரைப் பிடுங்குவார்? எழுந்து போய்ப் பார்ப்பாங்க. ஒயரைப் பிடுங்கற அளவுக்கு வெறுத்துப்போகணும்னா, அது எத்தனை நாளா அடிச்சிருக்கணும்?"

சர்வேயரின் தெளிவு வந்த வழியே போய்விட்டது.

அத்தனை நாளாக அடித்திருந்தால், அத்தனை நாளாக அங்கே விஷம் கசிந்திருக்கிறது. சாத்திய ஜன்னல் இல்லை காரணம். பாய்லர்தான். இன்ஸ்பெக்டர் பார்த்தது கேஸ் உள்ளே வரும் குழாயை. எரிந்த புகை வெளியே போகும் குழாயை யாருமே பார்க்கவில்லை.

"மத்தியானம் பத்த வைக்கறதாச் சொன்னாங்களே," என்றாள் டாக்ஸி. குரலில் கிண்டல் இல்லை.

முதலாளிக்குப் போன் போட்டார் சர்வேயர். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். இந்த முறை முதலாளி அழைப்பை வெட்டிவிட்டார்.

டாக்டரம்மா மிச்சமிருந்த இன்னொரு சென்ஸாரை பேட்டரியோடு ஒரு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறினார்கள். சட்டம் பேசும் நிலையில் யாரும் இல்லை. ஸ்கூட்டர் முதல் உதைக்குக் கிளம்பவில்லை. இரண்டாவதுக்கும் கிளம்பவில்லை. சர்வேயர் இறங்கித் தள்ளினார்.

-

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டில் தையல்காரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "பத்த வெச்சுட்டாங்க," என்றாள் எழுந்திராமலே. டாக்ஸி அவள் கையைப் பிடித்து எழுப்பிக் கூடவே இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இஸ்திரிக் கூடம் நீராவியால் நிறைந்திருந்தது. வரிசையாகப் பெண்கள் விரிப்புகளை ரோலருக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார்கள். மடிப்பவர்கள் ஒரு பக்கம், அடுக்குபவர்கள் ஒரு பக்கம். கண்ணாடி அறை வாசலில் முதலாளி நின்றிருந்தார். மேஸ்திரி கடைசி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெண்ணுக்கு விரிப்பின் முனையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சார், இன்னும் டப்பா தேடறீங்களா?" என்றார் முதலாளி.

"பாய்லரை நிறுத்துங்க. எல்லாரையும் வெளியே அனுப்புங்க."

"ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய துணி ஒரு வாரமாத் தேங்கிக் கிடக்கு. இன்ஸ்பெக்டர் சரின்னு எழுதிக் குடுத்திருக்கார். நீங்க யார் நிறுத்தச் சொல்ல?"

"மணி ஒயரைப் பிடுங்கினது யாருன்னு தெரிஞ்சவன். நீங்கதான் பிடுங்கினீங்க."

முதலாளி விழித்தார். நடிப்பவர்கள் விழிப்பதைச் சர்வேயர் நிறையப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் தாமதமாக விழிப்பார்கள். இவர் உடனே விழித்தார்.

"எந்த ஒயரை? நீங்களே பாருங்க." உள்ளே போய் மணியின் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். 'கீங்' என்று கண்ணாடி அறைக்குள் ஒலித்தது. ரோலரில் நின்ற பெண்கள் யாரும் திரும்பவில்லை. "இந்தா, அடிக்குது. மாட்டின நாள்ல இருந்து நான் உட்கார்ந்திருந்தப்ப இது ஒரு தரம்கூட அடிச்சதில்லை. என் குழந்தைங்க மேல சத்தியமாச் சொல்றேன்."

சர்வேயர் அந்த மணியையே பார்த்தார். காலையில் பாய்லர் அப்போதுதான் சூடேறும். வாயு சேர மத்தியானம் ஆகும். மத்தியானம் முதலாளி அந்த அறையில் இருப்பதில்லை. இது ஏன் முன்பே தோன்றவில்லை? தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நீராவி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நியாயம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"எல்லாரும் கேளுங்க! அந்தச் சென்ஸார் கெட்டுப்போகலை. சோதிச்சுப் பார்த்துட்டோம். அது அடிச்ச ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொல்லிச்சு. அத்தனை நாளும் இந்தப் பாய்லர் விஷத்தைக் கக்கிக்கிட்டிருந்தது. இப்பவும் கக்கிக்கிட்டிருக்கு!"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எப்ப அடிச்சுது?" என்றாள் ஒருத்தி. "நமக்குக் கேக்கவே இல்லையே?" என்றாள் இன்னொருத்தி. ரோலர் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்க வழியில்லை. எல்லோர் முகத்திலும் புரியாத குழப்பம்தான்.

ஒருவன் முகத்தைத் தவிர.

மேஸ்திரி கையில் இருந்த விரிப்பைக் கீழே போட்டான். யார் முகத்தையும் பார்க்காமல் பாய்லர் அறையை நோக்கி ஓடினான். இரும்புக் கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது. கேஸ் வால்வைத் திருகும் கீச்சொலி. சற்றுக் கழித்து நீராவியின் இரைச்சல் தணிந்து, ரோலர்கள் முனகிக்கொண்டே நின்றன.

அவன் திரும்பி வந்து கதவருகில் நின்றான். மூச்சு வாங்கியது. "எல்லாரும் வெளியே போங்க," என்றான். "போங்க. துணி கிடக்கட்டும். போங்க!"

மணி அடித்திருந்தது என்று நம்ப அந்தக் கூடத்தில் ஒருவனுக்கு மட்டும்தான் சோதனையும் ஆதாரமும் தேவைப்படவில்லை.

டாக்ஸி ரோலர்களுக்கிடையே ஓடிப் பெண்களை வாசல் பக்கம் விரட்டினாள்.

எல்லோரும் முற்றத்துக்கு வந்தபிறகு டாக்டரம்மா முகத்தை மூடிக்கொண்டு தன் டப்பாவை பாய்லர் அறை வாசலுக்குக் கொண்டுபோனார். அடுப்பு அணைந்த பிறகும் டப்பா விடாமல் கத்தியது. இஸ்திரிக் கூடத்துச் சுவரோரம் வைத்தபோதும் கத்தியது. அறை ஆறியபிறகு புகைக்குழாயைச் சுற்றியிருந்த கனத்த உறையை முதலாளியே பிய்த்துப் பார்த்தார். துரு தின்ற ஓட்டையில் அவர் கை முழுசாக நுழைந்தது. கையை வெளியே எடுத்தவர் அதைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

மேஸ்திரி முற்றத்தின் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தையல்காரி அவன் எதிரில் நின்றாள்.

"நீயா?"

அவன் தலை நிமிரவில்லை.

"மத்தியானமானா அடிக்கும்க்கா. அடிச்சா எல்லாரையும் வெளியே அனுப்பணும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. முதல் தரம் நானே ஓடிப்போய்ப் பார்த்தேன். குழாய் மூட்டு எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரலை. மறுநாளும் அடிச்சுது. அதுக்கு மறுநாளும். பைத்தியம் பிடிச்ச மிஷின்னு நினைச்சேன். துணி போகலைன்னா முதலாளி என்னைத்தான் திட்டுவார். ஒயரைக் கழட்டி வெச்சேன். நாளைக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு…"

"அப்புறம் அந்த ஸ்பிரே?" என்று கேட்டார் சர்வேயர்.

"மாமாவைத் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வந்து ஒயரைத் திரும்ப மாட்டினேன் சார். அந்தப் பெட்டி சுவத்துல என்னையே பார்த்துக்கிட்டிருந்த மாதிரி இருந்தது. சிலிக்கோன் பட்டா செத்துடும்னு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அதுவே கெட்டுப்போச்சுன்னு ஆயிட்டா, யார் மேலயும் தப்பு வராதுன்னு நினைச்சேன். மாமா மேல கேஸ் போடுவாங்கன்னு நினைக்கலை. அதுக்கப்புறம் வாயைத் திறக்க முடியலைக்கா."

டாக்டரம்மா அவன் பக்கம் வந்தார். அந்தப் பெட்டியைச் செய்ய அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு டப்பாவின் ஸ்விட்சை மட்டும் அணைத்தார்.

"அவர்கிட்டயாவது கேட்டிருக்கலாமே," என்றாள் தையல்காரி. "உள்ளேயே உட்கார்ந்திருந்த மனுஷன்கிட்ட."

"கேட்டேன்க்கா." இப்போதுதான் அவன் நிமிர்ந்தான். "ஏதாவது நாத்தம் வருதா மாமான்னு கேட்டேன். ஒண்ணும் இல்லைடான்னார். தலைதான் வலிக்குதுன்னார். கொஞ்ச நாளா மத்தியானமானா வலிக்குதுன்னார். மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்."

தையல்காரியின் கை காற்றில் உயர்ந்தது. அறையப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டாக்ஸிகூட ஓரடி முன்னால் வந்தாள். அந்தக் கை அவன் கன்னத்துக்குப் போகவில்லை. அவள் தன் வாயையே பொத்திக்கொண்டாள்.

"என்கிட்டயும் சொன்னார்டா," என்றாள் விரலிடுக்கு வழியாக. "தினம் சாயங்காலம் வந்து தலை வலிக்குதுன்னு படுப்பார். கண்ணாடி மாத்தணும்னு சொன்னேன். நானும் மாத்திரைதான் குடுத்தேன்."

முற்றத்தில் நின்ற பெண்களில் ஒருத்தி மெதுவாகத் தன் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் அவளைப் பார்த்தாள். "உனக்குமா?" என்றாள்.

சர்வேயர் எத்தனையோ வழக்குகளின் முடிவில் எத்தனையோ விதமாக நின்றிருக்கிறார். யாரையாவது கையைக் காட்டி, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லி, ஒரு டீ குடித்து. இன்றைக்குப் போய் வாசல் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

தையல்காரி கீழே குனிந்து தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கினாள். மெல்லத் தூக்கவில்லை. துணி மூட்டையைத் தூக்குவது போல ஒரே இழுப்பு.

"எழுந்திரு. முதல்ல ஸ்டேஷன். அவர் மேல எழுதினதை மாத்தச் சொல்லு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வா. அவர்கிட்ட நீயே சொல்லு. நீ சொன்னதும் நான் சொல்றேன்."

இரண்டு பேரும் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். அவன் கொஞ்சம் பின்தங்கி நடந்தான். அவள் நின்று, அவன் வந்து சேரும் வரை காத்திருந்தாள். பிறகு சேர்ந்து நடந்தார்கள்.